அரசு மரியாதையை அறிவிக்கும் முன் வீட்டாரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனிதன் நிலவில் இறங்கிய ஜூலை 20-ஐயும் அப்துல் கலாம் மறைந்த ஜூலை 27-ஐயும் ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இணையப் பதிப்பில் படித்தேன். ராமேசுவரம் பேய்க்கரும்பில் கலாமை மக்கள் வழியனுப்பியதைப் பற்றிய பகுதியைப் படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. ஆனால் அதற்கு அடுத்த பத்தியில், அமெரிக்கா நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு அரசு இறுதிச்சடங்குகூட நடத்தாமல், யாருக்கும் தெரியாமல் அவரது அஸ்தியைக் கடலில் கரைத்து நன்றி மறந்துவிட்டது என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அது உண்மைக்கு மாறானது. அதோடு, பெரிய மனிதர் இறந்தால் அவரது உடல் ஊருக்குச் சொந்தம் என்ற எண்ணம் அந்த வரிக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரி. பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றபின், மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் வசிக்கிறேன். ஆம்ஸ்ட்ராங் கடைசிவரை வாழ்ந்ததும் இதே ஊரை ஒட்டிய இந்தியன் ஹில் பகுதியில்தான். அவர் பிறந்த வாபகொனெட்டா இங்கிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் போனால் வரும் சின்ன ஊர். அவர் இறந்த நாட்களில் நான் இங்கேதான் இருந்தேன்.

2012 ஆகஸ்ட் 25 அன்று, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் அவர் காலமானார். வயது 82. அரசு இறுதிச்சடங்கு நடத்த வேண்டும் என்று ஒஹையோவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே அப்போது கோரினார். அமெரிக்காவில் அதிபர், முன்னாள் அதிபர் தவிர மற்றவர்களுக்கும் அதிபர் நினைத்தால் அந்த மரியாதையை அளிக்க முடியும். குதிரை பூட்டிய பீரங்கி வண்டி, 21 குண்டு முழக்கம், நாடாளுமன்றத்தின் வட்ட மண்டபத்தில் உடலை வைத்து மக்கள் பார்வை என்று அதற்கு ஒரு முறை இருக்கிறது. நிலவில் முதலில் கால் வைத்தவருக்கு அது பொருந்தாது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் குடும்பத்தார் தங்களுக்குள்ளேயே ஒரு சிறிய சடங்கை வைத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 31 அன்று இந்தியன் ஹில்லில் ஒரு கிளப்பில் அது நடந்தது. உறவினர்கள், நண்பர்கள், உடன் பறந்த விண்வெளி வீரர்கள் வந்தார்கள். அன்று நாடு முழுவதும் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட அதிபர் ஒபாமா உத்தரவிட்டிருந்தார். எங்கள் தெருமுனைத் தபால் நிலையத்திலும் கொடி இறங்கித்தான் இருந்தது.

பொதுமக்களைக் குடும்பம் ஒதுக்கிவிடவில்லை. அவரை மதிக்க விரும்புவோரிடம் ஒரு சின்ன வேண்டுகோள் வைத்தார்கள். தெளிந்த இரவில் வெளியே நடக்கும்போது நிலா சிரிப்பது தெரிந்தால் நீல் ஆம்ஸ்ட்ராங்கை நினைத்து ஒரு முறை கண் சிமிட்டுங்கள், அது போதும் என்றார்கள். அந்த ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு பவுர்ணமி. இரண்டாவது பவுர்ணமி அவரது சடங்கு நடந்த 31-ஆம் தேதியே வந்தது. யாரும் திட்டமிட்டதல்ல, வான கணக்கு அப்படி விழுந்தது. சாப்பாடு முடிந்து நானும் மருமகளும் பேரனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் வெளியே நின்றார்கள். யாரும் யாருக்கும் சொல்லிவைத்து வரவில்லை. ராணுவ அணிவகுப்பில் நின்றிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நெருக்கம் தோன்றியிருக்காது.

அப்புறம் செப்டம்பர் 13 அன்று வாஷிங்டன் தேசிய தேவாலயத்தில் பொது நினைவுக் கூட்டம் நடந்தது. பொதுமக்களும் அனுமதி பெற்று வந்தார்கள், தொலைக்காட்சியில் நேரடியாகவும் காட்டினார்கள். அவரோடு நிலவுக்குப் போன மைக்கேல் காலின்ஸ் பிரார்த்தனை நடத்தினார். நிலவில் கடைசியாக நடந்த யூஜின் செர்னான் நினைவுரை ஆற்றினார். அந்தத் தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று உண்டு. அதன் நடுவில் நிலவுக் கல்லின் சிறு துண்டு பதித்திருக்கிறது. 1974-இல் அப்பல்லோ 11 குழுவினரே கொண்டுவந்து கொடுத்தது அது. அவரை நினைக்க இதைவிடப் பொருத்தமான கூரை அந்த நாட்டில் இருக்க முடியாது.

மறுநாள், செப்டம்பர் 14, அட்லாண்டிக் கடலில் 'பிலிப்பைன் சீ' என்ற போர்க்கப்பலிலிருந்து அவரது அஸ்தி கடலில் சேர்க்கப்பட்டது. வீரர்கள் துப்பாக்கியால் சுட்டு மரியாதை செலுத்தினார்கள், மடித்த தேசியக் கொடியை மனைவி கையில் கொடுத்தார்கள். நாசா பிறகு படங்களையும் வெளியிட்டது. இதைத்தான் உங்கள் கட்டுரையாளர் யாருக்கும் தெரியாமல் கரைத்ததாக எழுதியிருக்கிறார்.

அவர் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் உண்டு. ஆம்ஸ்ட்ராங் முதலில் கடற்படை விமானி. கொரியப் போரில் 78 முறை பறந்தவர். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றி நற்பெயரோடு விலகிய எவரும் கடலில் அடக்கம் கேட்கலாம். சமையல் வேலை பார்த்த மாலுமிக்கும் அந்த உரிமை உண்டு. ஆக, அவரை அனுப்பியது ஒரு சாதாரண கடற்படை வீரரை அனுப்பும் முறையில். நிலவுக்குப் போனவர் என்பதற்காகத் தனியாக ஒன்றும் கேட்கவில்லை. அரசு மரியாதை கிடைக்கவில்லை என்று இதைச் சொல்வதா, அல்லது அவர் தமக்கு ஏற்ற அரசு மரியாதையைத் தேர்ந்துகொண்டார் என்பதா? நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அவரது சுபாவம் தெரிந்தால் இது ஆச்சரியமாக இருக்காது. நிலவிலிருந்து திரும்பியபின் அரசாங்கம் சொன்ன ஊர்வலம், விருந்து, உலகச் சுற்றுப்பயணம் எல்லாவற்றுக்கும் அவர் போனார். அந்தப் பயணத்தில் 1969 அக்டோபரில் பம்பாய்க்கும் வந்தார்கள். கடமை என்று வந்ததை அவர் தட்டிக்கழிக்கவில்லை. 1971-இல் நாசாவை விட்டு, சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் பேராசிரியராகச் சேர்ந்தார். பெரிய பெரிய இடங்கள் காத்திருந்தபோது அந்தச் சிறிய துறையைத் தேர்ந்தெடுத்து 1979 வரை பாடம் நடத்தினார். விமான வடிவமைப்புக்கும் சோதனைப் பறத்தலுக்கும் அவரே புதிதாக உயர்நிலை வகுப்புகளை உருவாக்கினார். ஆசிரியையாக எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது விசாரணைக் குழுவின் துணைத்தலைவராக உழைத்தார். வேலைக்குக் கூப்பிட்டால் வந்தார், காட்சிக்குக் கூப்பிட்டால் ஒதுங்கினார்.

தம் கையெழுத்தை வாங்கி விற்கிறார்கள் என்று தெரிந்ததும் 1994 முதல் கையெழுத்துப் போடுவதையே நிறுத்திவிட்டார். தம் பெயரையும் குரலையும் கேட்காமலே கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருளில் பயன்படுத்திய நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். சமரசத்தில் கிடைத்த பணம் வழக்குச் செலவு போகத் தாம் படித்த பர்டியூ பல்கலைக்கழகத்துக்குப் போனது. 2005-இல் இங்கே பக்கத்து ஊரில் முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர், ஆம்ஸ்ட்ராங்கின் தலையிலிருந்து வெட்டிய முடியைச் சேகரிப்பாளர் ஒருவருக்கு 3,000 டாலருக்கு விற்றது வெளியே வந்தது. முடியைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் அந்தப் பணத்தை அறக்கட்டளை எதற்காவது கொடு என்று ஆம்ஸ்ட்ராங் தரப்பு கேட்டது. தலைமுடிக்கே இப்படிப் போராட வேண்டியிருந்தது அவருக்கு. அப்படிப்பட்டவரின் உடலை எடுத்துப்போய்க் கேமரா வெளிச்சத்தில் வட்ட மண்டபத்தில் கிடத்துவது அவருக்குச் செய்யும் மரியாதையா?

சரி, எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அப்பல்லோ திட்டத்துக்குச் செலவானது மக்கள் பணம். சுமார் 2,500 கோடி டாலர், அதுவும் அந்தக் காலத்து மதிப்பில். அதில் உழைத்தவர்கள் கிட்டத்தட்ட 4 லட்சம் பேர். ஆம்ஸ்ட்ராங்கே இதை மேடைதோறும் சொன்னார். அப்படியானால் அவரது புகழ் அவருடைய தனிச்சொத்து இல்லையே, அத்தனை பேருக்கும் அவரை வழியனுப்பும் உரிமை இருக்கிறதே என்று கேட்கலாம். அதோடு, சிறு பிள்ளைகள் சடங்குகளைக் கண்ணால் பார்த்துத்தான் யாரை மதிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறார்கள். இவை இரண்டையும் நான் லேசாகத் தள்ளவில்லை. மக்களுக்கு உரிமை உண்டு. அவர் கொண்டுவந்த கற்களின் மீதும், அவர் போய்வந்த விண்கலத்தின் மீதும், அவர் அணிந்த உடையின் மீதும் உண்டு. அவையெல்லாம் அருங்காட்சியகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பொதுச்சொத்தாகத்தான் இருக்கின்றன. வரலாற்றைப் பற்றிக் கேள்வி கேட்கவும் உரிமை உண்டு. அவரை நினைத்துக் கூடி அழவும் உண்டு. உடலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்கிறேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு இப்படிச் சொல்வது எளிதல்ல. துஷ்டி வீட்டுக்கு அழைப்புக் கிடையாது. சங்குச் சத்தம் கேட்டால் தெருவே திரண்டு போகும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவான். பத்துப் பேரை மட்டும் வரச்சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சாவு என்றால் ஊரே வாய்மேல் கைவைக்கும். இந்தியன் ஹில்லில் நடந்ததைத் தொலைபேசியில் சொன்னபோது என் தங்கை முதலில் கேட்டதே, "என்னக்கா, ஊர்ல யாருக்கும் சொல்லாமலா எடுத்தாவ?" என்றுதான். நம் வழக்கம் நல்ல வழக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தெருவே திரண்டு வருவதும், அரசாங்கம் வந்து சடங்கைத் தன் கையில் எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. தெரு வந்தால் அழுதுவிட்டுத் தோள் கொடுக்கும். அரசாங்கம் வந்தால் நேரத்தையும் வரிசையையும் அதுதான் தீர்மானிக்கும்.

இதை நான் என் பெரியப்பா வீட்டில் பார்த்தேன். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர். 1942 போராட்டத்தில் சிறை சென்றவர் அவர். சுதந்திர வெள்ளி விழாவில் கிடைத்த தாமிரப் பட்டயத்தைச் சுவரில் மாட்டாமல் பீரோவுக்குள் துணிக்கு அடியில் வைத்திருந்தார். தியாகி என்று யாராவது மேடையில் கூப்பிட்டால் போக மாட்டார். ஆகஸ்ட் 15-க்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அழைத்தால், பிள்ளைகளில் நன்றாகப் படிக்கிறவனை ஏற்றச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுவார். தம் காரியத்தைப் பற்றி எங்களிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தார். மைக் கூடாது, மாலை கூடாது, பொழுது இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

அவர் இறந்த அன்று காலையிலேயே நீர்மாலைக்கு ஆற்றுக்குப் போய்வந்தாயிற்று. எடுக்கிற நேரத்தில் தகவல் வந்தது. ஒரு அதிகாரி மலர்வளையத்தோடு வருகிறார், அவர் வரும்வரை எடுக்க வேண்டாம் என்றார்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை, சொன்னார்கள். வெயில் ஏறி இறங்கியது. பந்தலில் உட்கார்ந்திருந்த வயசாளிகள் ஒவ்வொருவராக எழுந்து போய்ச் சாப்பிட முடியாமல் திரும்பி வந்தார்கள். பெரியம்மா அவர் தலைமாட்டிலேயே இருந்தார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஜீப் வந்தது. வந்தவர் மலர்வளையம் வைத்தார். கூட வந்த புகைப்படக்காரர், படத்தில் மறைக்கிறது என்று பெரியம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். அறுபது வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுஷி அவர். தள்ளி உட்கார்ந்தார்.

அந்த அதிகாரியைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். முறையாக வணங்கினார், குடும்பத்தை விசாரித்தார். எங்கேயோ இன்னொரு வேலை முடித்து ஓடிவந்திருக்கிறார். அவர் பின்பற்றிய முறையில்தான் குறை. அது பெரியப்பாவின் விருப்பத்தைக் கேட்க இடமே வைக்கவில்லை. மறுநாள் செய்தித்தாளில் வந்த படத்தை என் பெரியப்பா மகன் வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவனுக்கு அது பெருமை. மகனுக்கு வேண்டியதாக இருந்தது, மனைவிக்கு வேதனையாக இருந்தது, போனவருக்கோ வேண்டவே வேண்டாம். ஒரே வீட்டுக்குள் மூன்று விதம். அதனால்தான் உயிரோடு இருப்பவரிடமே முன்னால் கேட்டுவைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

பொது மரியாதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆம்ஸ்ட்ராங்கைப் போலவே ஒஹையோவில் பிறந்த இன்னொரு விண்வெளி வீரர் ஜான் கிளென். பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கர். பிறகு 24 ஆண்டுகள் செனட்டராக இருந்தார். 2016 டிசம்பரில் 95 வயதில் அவர் இறந்தபோது கொலம்பஸ் நகரில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் மண்டபத்தில் உடலை வைத்தார்கள். மகன் காரில் கூட்டிப்போனான், குளிரில் வரிசையில் நின்று நானும் பார்த்தேன். மூடிய பெட்டி, மேலே கொடி, பக்கத்தில் அசையாமல் நின்ற மரைன் வீரர்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பெட்டி அருகே வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு விம்மினார். அந்தக் காட்சி எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. கிளென் வாழ்நாள் முழுக்க வாக்கு கேட்டுக் கைகொடுத்து மக்களோடு இருந்தவர். மக்கள் வந்து விடை கொடுப்பது அவர் வாழ்க்கையின் தொடர்ச்சி. நம் கலாமும் அப்படித்தான். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பிள்ளைகள் நடுவில் போய் நின்றவர். மேகாலயாவில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தவர். அவருக்குப் பேய்க்கரும்பில் கூடிய கூட்டம் பொருந்தும். அதே கூட்டத்தை ஆம்ஸ்ட்ராங்குக்கும் வைக்கவில்லையே என்று குறைப்படுவது, இரண்டு மனிதர்களையும் சரியாகப் பார்க்காததால் வருவது.

நியூசிலாந்தில் எட்மண்ட் ஹிலாரி 2008 ஜனவரியில் இறந்தபோது அரசு இறுதிச்சடங்கு நடந்தது. அவர் அமைச்சரும் இல்லை, தளபதியும் இல்லை. தேனீ வளர்த்தவர், எவரெஸ்ட்டில் டென்சிங்கோடு ஏறியவர், பிறகு நேபாளத்தில் ஷெர்பா மக்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் கட்டியவர். குடும்பம் ஒப்புக்கொண்டது. ஆக்லாந்து தேவாலய வாசலில் மலையேறிகள் பனிக்கோடரிகளை உயர்த்திப் பிடித்து அணிவகுத்து நின்றார்கள். அவருக்குச் சொந்தமானவர்களே முன்னால் நின்றதால் அது அரசு நிகழ்ச்சியாக இருந்தும் வீட்டு நிகழ்ச்சிபோல அமைந்தது. அஸ்தியைக் குடும்பத்தார் பின்னர் கடலில் தூவினார்கள்.

இதற்கு நேர் எதிராக நம் நாட்டிலேயே ஒன்று நடந்தது. 1997 செப்டம்பரில் கல்கத்தாவில் அன்னை தெரசாவுக்கு நடந்த அரசு இறுதிச்சடங்கு. காந்தியையும் நேருவையும் சுமந்த அதே பீரங்கி வண்டி, ராணுவ அணிவகுப்பு, உள்விளையாட்டு அரங்கில் உலகப் பிரமுகர்களின் வரிசை. அவர் யாருக்காக வாழ்ந்தாரோ அந்த ஏழைகளில் பெரும்பாலோர் தெருவோரத்தில்தான் நின்றார்கள் என்ற குறை அப்போதே எழுந்தது. மரியாதை செய்ய நினைத்த மனம் நல்ல மனம்தான். ஆனால் முறை அவருடையதாக இல்லாமல் அரசுடையதாகிவிட்டது.

இதில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1910-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய முன்வந்தார்கள். உறவினர்கள் வேண்டாம் என்றார்கள். எளிமையாக நடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கிழக்கு வெல்லோ என்ற கிராமத்துத் தேவாலயத்தில் பெற்றோருக்கு அருகே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டுகளும்தான். பொதுமக்களுக்காக லண்டன் புனித பால் தேவாலயத்தில் தனியாக நினைவு வழிபாடு நடந்தது. உடல் ஒரு இடத்தில், ஊரின் துக்கம் இன்னொரு இடத்தில். 102 ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்ட்ராங் குடும்பமும் இதையேதான் செய்தது. யாரும் யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இப்போது அரசியல் தலைவர்கள் அல்லாதவர்களுக்கும் அரசு மரியாதை அளிக்கிறார்கள். 2021-இல் கி. ராஜநாராயணனை இடைசெவலில் அப்படி அனுப்பியபோது கரிசல் மண்ணோடு சேர்ந்து எங்களைப் போன்ற வாசகர்களும் மகிழ்ந்தோம். 2023 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின், உடல் உறுப்பு தானம் செய்பவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அறிவித்தார். இதை நான் மனதார வரவேற்கிறேன். பதவியோ புகழோ இல்லாத ஒரு கூலித்தொழிலாளிக்கும் மாவட்ட நிர்வாகம் வந்து வணங்குகிறது என்றால் அது பெரிய விஷயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் விபத்தில் மூளைச்சாவு அடைந்த இளவயதுப் பிள்ளைகள். பெற்றோர் நொறுங்கிக் கிடக்கிற நேரம். அந்த வீட்டு வாசலில் கேமராக்கள் வந்து நிற்பது சிலருக்கு ஆறுதல், சிலரால் தாங்க முடியாது.

உறுப்புகளை எடுக்கும் முன் மருத்துவமனையில் வீட்டாரை உட்காரவைத்துப் பேசி, எழுத்தில் சம்மதம் வாங்குகிறார்கள். அதே இடத்தில், அதே ஒருங்கிணைப்பாளர் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். அரசு மரியாதை வேண்டுமா? வேண்டுமென்றால் பத்திரிகையாளர்கள் வரலாமா? வேண்டாம் என்பவர்களுக்கு ஆட்சியரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் போதும், காரியம் முடிந்தபின் வீட்டுக்கு வந்து சேரட்டும். எழுத்தாளர், விஞ்ஞானி, தியாகி என்று யார் இறந்தாலும் இதே முறை இருக்கட்டும். அறிவிப்பு வெளியிடும் முன் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டு, அதிகாரி அந்த நேரத்துக்கு வர வேண்டும். அவர் வரும் நேரத்துக்கு உடல் காத்திருக்கக் கூடாது. முடியாவிட்டால் காரியம் முடிந்த பிறகு வந்து விசாரிக்கட்டும், அதிலும் மரியாதை குறையாது. பொதுமக்கள் கூடிப் பேச வேண்டுமென்றால் பத்து நாள் கழித்து ஊர் மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைக்கலாம். அங்கே அமைச்சர் வரட்டும், எல்லோரும் பேசட்டும், பள்ளிப் பிள்ளைகளும் வந்து கேட்கட்டும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காரியம் எப்படி நடக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள், ஒரு தாளில் எழுதியும் வையுங்கள். அபசகுனம் என்று நினைக்க வேண்டாம். என் பெரியப்பா வாயால் மட்டும்தான் சொன்னார். எழுதிக் கொடுத்திருந்தால், அன்று ஜீப்புக்காகக் காத்திருக்கச் சொன்னவரிடம் அதை நீட்டியிருப்போம்.

கடைசியாக உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையில் ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றிய அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். அவருக்காக நாட்டின் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன, தலைநகரின் தேவாலயத்தில் பொது அஞ்சலி நடந்தது, கடற்படை மரியாதையோடு அவர் அஸ்தி கடலில் சேர்ந்தது. இந்த மூன்றையும் போட்டாலே போதும். கட்டுரையைப் படித்த பள்ளி மாணவர்கள் பலர் இருப்பார்கள், அவர்களுக்காகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை (தற்போது சின்சினாட்டி, ஒஹையோ)